கூரை இல்லாத இடத்தில் ஒரு புறா

“ஒரே ஒரு சந்தேகம் தம்பி. அந்தப் புறா எங்கே உட்கார்ந்திருந்தது?”

பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரி இது. ‘கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு’ என்று தொடங்கி, என் கட்டுரையை நான்கு வரி பாராட்டி, வீட்டில் எல்லாரையும் விசாரித்துவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல் இதைக் கேட்டிருந்தார். முப்பது வருடம் பரீட்சைத்தாள் திருத்தியவர்கள் இப்படித்தான் கேட்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

புறா எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. புறாவே கிடையாது. அது பறந்ததாக நான் எழுதிய இடத்துக்கு நான் போகவும் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். 2018 டிசம்பரில் ஒரு மாத இதழின் கிறிஸ்துமஸ் மலருக்கு, துருக்கியில் உள்ள எபேசுவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அந்த வருடம் ஜூன் மாதம் நான் அங்கே போய் வந்திருந்தேன். ஒரே ஒரு நாள். ஆதிக் கிறிஸ்தவர்களின் சுவடுகள் வேண்டும் என்றார்கள். எபேசுவில் அதற்கு என்ன பஞ்சம்? பவுல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கி ஊழியம் செய்த ஊர். மரியாள் கடைசிக் காலத்தில் இருந்ததாக நம்பப்படும் வீடு அங்கே உண்டு. 431இல் பேராயர்கள் கூடி, மரியாளைத் தேவதாய் என்று அழைப்பது சரியே என்று முடிவுகட்டிய கோவிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், யோவானின் கல்லறை. டிசம்பர் 27 யோவானின் திருநாள் என்பதால், “கல்லறையில் கொண்டுபோய் முடியுங்கள்” என்றார் இதழின் ஆசிரியர். முடித்தேன்.

அந்தக் கடைசிப் பத்தியை இப்போது வாசித்தால் உடம்பு கூசுகிறது. பொழுது சாயும் நேரம், யோவானின் பேராலயத்துக்குள் நான் தனியாக நிற்கிறேன். குவிமாடத்தின் உள்ளிருட்டில் ஒரு புறா சிறகடிக்கிறது. கல்லறைமேல் ஒரு மெழுகுவர்த்தி நடுங்குகிறது. அந்தச் சிறகொலியில் பத்தொன்பது நூற்றாண்டுகள் புரண்டு படுத்தன என்றுகூட எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த வரியை மட்டும் எடுத்துப் பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் போட்டார். இரண்டு பேர் போனில் கூப்பிட்டு, வாசித்துவிட்டு அழுதோம் என்றார்கள். நானும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு உண்மையில் நடந்தது வேறு. இஸ்மிர் நகரின் பாஸ்மானே நிலையத்தில் காலை ரயிலைப் பிடித்து, செல்ச்சுக்கில் இறங்கினேன். எபேசு இடிபாடுகளை ஒட்டி இருக்கும் சிற்றூர் அது. அந்தப் பக்கத்து ரயில் பாதைக்கு நிலையங்கள் கட்ட வந்த ஆங்கிலேயர் ஒருவரைப் பற்றிப் பயணத்தின்போது வாசித்துக்கொண்டே போனேன்: ஜான் டர்ட்டில் வுட். ஏழு உலக அதிசயங்களில் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோவிலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பித்து அவருக்கு. அது எந்த இடத்தில் நின்றது என்றே அப்போது யாருக்கும் தெரியாது. 1863இல் தோண்டத் தொடங்கினார். கடைசியில் எபேசு அரங்கத்தில் கிடைத்த ஒரு கல்வெட்டு வழி காட்டியது. கோவிலிலிருந்து ஊர்வலச் சிலைகள் எந்த வாசல் வழியாக நகருக்குள் வந்து எந்த வாசல் வழியாகத் திரும்பும் என்று அதில் இருந்தது. வுட் அந்த வாசல்களைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து கிளம்பிய சாலையைத் தோண்டிக்கொண்டே போய், 1869ஆம் ஆண்டின் கடைசி நாளில் கோவிலின் தரையைக் கண்டார். ஏறக்குறைய 20 அடி வண்டலுக்குக் கீழே. இத்தனையும் வாசித்துவிட்டு, என்ன மனுஷன் என்று வியந்த ஆள்தான் அன்று மாலை பத்து நிமிட ஏற்றத்துக்குச் சோம்பினேன்.

டொல்முஷ் என்கிற ஷேர் வேனில் ஏறி இடிபாடுகளின் வாசலில் இறங்கினேன். பளிங்குத் தெரு, பளிங்குமேல் பூனைகள், வரிசையாகத் துளை வைத்த ரோமானியக் கழிப்பறை, அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் எல்லா நாட்டு மக்களும். அதைக் கடந்தால் செல்சஸ் நூலகம். அதன் முன்னால் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். நூலகத்தைப் பார்க்கவில்லை, ஆள் இல்லாத நூலகத்தைப் படம் பிடிக்கக் காத்திருந்தேன். ஒரு கப்பல் கூட்டம் நகர்ந்தால் அடுத்த கப்பல் கூட்டம் வந்தது. முகப்பில் இருக்கும் நான்கு பெண் சிலைகள் ஞானம், நற்குணம், சிந்தனை, அறிவு ஆகியவற்றைக் குறிப்பவை. அங்கே நிற்பவை நகல்கள். அசல்கள் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முகப்பே விழுந்து கிடந்ததுதான். 1970களில் ஆஸ்திரிய அகழ்வாளர்கள் கல் கல்லாகப் பொறுக்கி நிறுத்தினார்கள்.

பிறகு பெரிய அரங்கம். ஏறத்தாழ 25,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். மேல்வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். அங்கிருந்து பழைய துறைமுகத்துக்கு ஒரு நேர்ச்சாலை இறங்குகிறது. சாலையின் முடிவில் கடல் இல்லை, நாணல்தான். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. 431இல் சங்கம் கூடிய மரியாள் கோவில் அந்தப் பக்கம்தான். பலகையைப் பார்த்தேன். ஒதுங்கி நடக்க வேண்டியிருந்தது. வெளிவாசல் கடைகளில் குளிர்பானம் தெரிந்தது. கட்டுரையில் ‘அந்தச் சுவரைத் தொட்டு நின்றேன்’ என்று இருக்கும். தொட்டது கோலா பாட்டிலை.

மரியாள் வீட்டுக்கு டாக்சியில் போனேன். அங்கே உண்மையிலேயே போனேன், ஊற்றுத் தண்ணீர் குடித்தேன், சுவர் முழுக்கக் கட்டித் தொங்கும் வேண்டுதல் துணிகளையும் காகிதங்களையும் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஜெபமாலை வழக்கம் கிடையாது. இருந்தும் அந்தச் சின்னக் கல் வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு தானாக நின்றுபோனது. எனக்கு முன்னால் முக்காடிட்ட முஸ்லிம் பெண்கள் இருவர் கையேந்தி நின்றார்கள். இறங்கி வரும் வழியில் ஏழு பேர் நூற்றாண்டுக்கும் மேலாகத் தூங்கி எழுந்ததாகச் சொல்லும் குகை. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பொதுவான கதை அது. குர்ஆனில் குகை என்ற பெயரில் ஒரு அத்தியாயமே உண்டு. குகையை வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். அருகில் ஒரு கடையில் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடும் கொஸ்லெமே என்ற மெல்லிய ரொட்டி இரண்டு சாப்பிட்டேன். குகையைவிட ரொட்டி நன்றாக நினைவிருக்கிறது.

நாலு மணிக்கு செல்ச்சுக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டேன். பழைய நீர்ப்பாலத்தின் தூண்கள்மேல் கொக்கு மாதிரிப் பெரிய நாரைகள் கூடு கட்டியிருந்தன. தலையை உயர்த்தினால் அயசுலுக் குன்று, மேலே கோட்டை. கோட்டைக்குக் கீழே குன்றின் சரிவில்தான் யோவானின் பேராலயம். ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன்.

களைப்பு என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். களைப்பு இல்லை. கடையில் வைஃபை இருந்தது. ஆள் இல்லாத நூலகப் படத்தைப் போட்டேன். அரை மணி நேரத்தில் ஊரிலிருந்து நாற்பது பேர் பாராட்டினார்கள். அடுத்த படம். மறுபடி பாராட்டு. இடுப்பு சிறுத்த கண்ணாடிக் கிளாஸில் மூன்று சாய் குடித்தேன். குன்று அங்கேயே இருந்தது. ஆறு மணிக்குப் பிறகு எழுந்து ரயில் நிலையத்துக்கு நடந்தேன். அவ்வளவுதான்.

டிசம்பர் மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, விடுதியில் எடுத்துவந்த இலவசக் கையேடு ஒன்று கையில் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டியது, சிலுவை வடிவம், ஆறு குவிமாடங்கள் என்று அதில் போட்டிருந்தது. குவிமாடம் என்று வாசித்ததும் எனக்கு இருட்டு தெரிந்தது, இருட்டில் புறா தெரிந்தது. பரிசுத்த ஆவிக்குப் புறா பொருத்தம்தானே. கையேட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால், அந்தக் குவிமாடங்கள் நிலநடுக்கங்களில் விழுந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன என்பது தெரிந்திருக்கும். புரட்டவில்லை. கல்லறை இருக்கும் இடம் திறந்தவெளி. இரண்டு படி உயரத்தில் ஒரு பளிங்கு மேடை, நான்கு மூலையில் நான்கு தூண், மேலே வானம்.

டீச்சருக்கு அது தெரியும். அவர் போயிருக்கிறார். எங்கள் பக்கத்துச் சபைகளில் ‘ஏழு சபைகள்’ டூர் என்று ஒன்று உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று ஏழு ஊர்களையும் பஸ்ஸில் சுற்றிக் காட்டுவார்கள். பென்ஷன் பணத்தைச் சேர்த்துவைத்து அதில் போய்வந்தவர் அவர். கடிதத்துடன் ஒரு போட்டோவும் வைத்திருந்தார். கல்லறை மேடைக்குப் பக்கத்தில், சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கி நிற்கிறார். முகம் முழுக்க வெயில். கூரை இல்லாத இடத்தில் புறா எங்கே உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி. ஆனால் ‘கூரை இல்லையே’ என்று அவர் எழுதவில்லை. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்.

அந்த வாய்ப்பை நான் பயன்படுத்திய விதத்தைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். முதல் பொய்யைக்கூடத் தொழில் கோளாறு என்று தள்ளிவிடலாம். இதைத் தள்ள முடியாது.

‘மதிப்பிற்குரிய அக்காவுக்கு’ என்று பதில் எழுதினேன். நீங்கள் பார்த்தது மேலே உள்ள மேடை, நான் எழுதியது அதன் அடியில் இருக்கும் நிலவறையைப் பற்றி, எல்லாரையும் விடமாட்டார்கள், ஒரு காவலாளி எனக்காகத் திறந்துவிட்டார் என்று எழுதினேன். மேடைக்கு அடியில் புதைகுழி அறைகள் இருப்பது உண்மை, அகழ்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பயணிகள் இறங்கிப் பார்க்கும் இடம் அல்ல அது. அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒரு அறையே கட்டினேன். நிலவறைக்குள் புறா எப்படி வந்தது என்று அடுத்த கடிதத்தில் கேட்பாரே என்று பயந்து, சுவரில் ஒரு சாளரத்தையும் வைத்தேன்.

அவர் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டார். “நாங்கள் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் தம்பி. அவ்வளவு தூரம் போயும் அதைப் பார்க்காமல் வந்துவிட்டோம். அறியாமல் கேட்டுவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம்.”

தன் இரண்டு கண்ணால் பார்த்ததை ஒரு பெண் சந்தேகிக்கும்படி செய்தேன். அவர் வாழ்நாளில் ஒருமுறை செய்த பயணத்தை, முக்கியமானதைத் தவறவிட்ட பயணமாக மாற்றினேன். அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி அல்ல, நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2019இல் மூன்றாவது கடிதம். அவர் சபையிலிருந்து இன்னொரு கூட்டம் எபேசு போயிருக்கிறது. இந்த முறை விட்டுவிடக் கூடாது என்று டீச்சர் அவர்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்களும் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, நிலவறையைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். “கைடுக்கே அது தெரியவில்லையாம் தம்பி. உங்களுக்குத் திறந்துவிட்ட காவலாளியின் பெயர் நினைவிருந்தால் எழுதுங்கள். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.”

காவலாளிக்கு ஒரு பெயர் வைக்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்திருக்காது. துருக்கிப் பெயர்கள் ஐந்தாறு தெரியும். அந்த ஐந்தாறையும் மனத்தில் ஓட்டிக்கூடப் பார்த்தேன். எழுதவில்லை. உண்மையையும் எழுதவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

இடைப்பட்ட வருடங்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களில் ஒன்று கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. மரியாள் வீடு எப்படிக் கிடைத்தது? ஆன் கேத்ரின் எம்மெரிக் என்ற ஜெர்மன் துறவி படுத்த படுக்கையாகக் கிடந்தவர், எபேசு எங்கே என்று கண்ணால் கண்டவர் அல்ல. மலைமேல் இருந்த வீட்டைத் தரிசனத்தில் பார்த்ததாகச் சொன்னார். கிளெமென்ஸ் பிரென்டானோ என்ற கவிஞர் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். எம்மெரிக் 1824இல் இறந்துபோனார். புத்தகத்தை வாசித்த இஸ்மிர் பாதிரியார்கள் 1891இல் மலை ஏறித் தேடி ஒரு இடிந்த வீட்டைக் கண்டார்கள். பின்னால் ஆறாம் பால், இரண்டாம் ஜான் பால், பதினாறாம் பெனடிக்ட் என்று மூன்று போப்பாண்டவர்கள் அங்கே வந்தார்கள். பார்க்காத ஒருவர் சொன்னதுதானே அத்தனையும்? என் புறாவுக்கு மட்டும் என்ன குறை?

குறை இதுதான். எம்மெரிக் தான் பார்த்ததாக நம்பியதைச் சொன்னார். நான் பார்க்கவில்லை என்று தெரிந்தே சொன்னேன். அதிலும் பிரென்டானோவின் கைச்சரக்கு எவ்வளவு கலந்தது என்று யாராலும் பிரிக்க முடியாததால், 2004இல் எம்மெரிக்குக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது அந்த எழுத்துகளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அது மரியாளின் வீடுதான் என்று கத்தோலிக்கத் திருச்சபை அடித்துச் சொல்லவும் இல்லை. வாருங்கள், ஜெபியுங்கள், அவ்வளவே. பெயரும் புகழும் வேண்டி கி.மு. 356இல் ஆர்ட்டெமிஸ் கோவிலுக்குத் தீ வைத்த ஹெரோஸ்ட்ரடஸோடு என்னை ஒப்பிட்டால்தான் கொஞ்சம் பொருந்தும். அவன் ஒரு கோவிலின் கூரையை எரித்தான். நான் ஒரு கோவிலுக்கு இல்லாத கூரையைப் போட்டேன்.

இந்த வருடம் வெளிப்படுத்தின விசேஷத்தை வேறு ஒரு வேலைக்காகப் புரட்டினேன். ஏழு கடிதங்களில் முதலாவது எபேசு சபைக்கு. அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டு வந்த பொய்யர்களைச் சோதித்து அடையாளம் கண்டதற்காக அந்தச் சபைக்குப் பாராட்டு இருக்கிறது. சண்டே ஸ்கூலில் இதே அதிகாரத்துக்குப் பரிசு வாங்கியவன் நான். என் மலர்க் கட்டுரையிலும் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு பத்தி உண்டு. அந்த ஒரு குறிப்பை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.

அதே சூட்டில் கட்டுரை முழுவதையும் மறுபடி வாசித்தேன். இன்னொன்று அகப்பட்டது. எபேசு அரங்கத்தை ‘பவுல் நின்று முழங்கிய மேடை’ என்று எழுதியிருக்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில், வெள்ளிக் கோவில்கள் செய்து விற்ற தட்டான் தெமேத்திரியு தன் பிழைப்புப் போகிறதே என்று கலகம் மூட்டுகிறான். கூட்டம் காயுவையும் அரிஸ்தர்க்குவையும் அரங்கத்துக்குள் இழுத்துப் போகிறது. இரண்டு மணி நேரக் கூச்சல். பவுல் உள்ளே போகத் துடிக்கிறார், சீஷர்கள் விடவில்லை. அந்த நாளில் பவுல் அரங்கத்துக்குள் காலே வைக்கவில்லை. டீச்சர் இதையும் நிச்சயம் கண்டிருப்பார். புறாவை மட்டும் கேட்டு, இதை விட்டுவிட்டிருக்கிறார்.

போன மாதம் அவருக்கு எழுதினேன். நான் குன்று ஏறவே இல்லை, நிலவறைக்குள் இறங்கவே இல்லை, காவலாளி கிடையாது, நீங்கள் பார்த்ததுதான் கல்லறை, நீங்கள் எதையும் தவறவிடவில்லை என்று ஒரு பக்கத்தில். பழைய விலாசம்தான் இருந்தது. பதில் இன்னும் வரவில்லை.

அந்த டிசம்பர் மலர் உங்கள் வீட்டில் இருந்தால், பவுலை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள். சுவரைத் தொட்டேன் என்ற வரியை அடித்துவிடுங்கள். கடைசிப் பத்தியை முழுதாகக் கிழித்துவிடலாம். பின்பக்கத்தில் கேக் செய்முறை இருக்கிறது, அது போனால் போகட்டும். உங்களில் யாராவது யோவானின் கல்லறைக்குப் போவதாக இருந்தால் தொப்பி எடுத்துப்போங்கள். அங்கே நிழல் கிடையாது என்று டீச்சரின் போட்டோவில் தெரிகிறது.